ஒட்டுத்துணியில் அக்ரிலிக் பெயிண்டில் வரைந்தால் விறைத்துப்போகிறதே?

வாழைமரம்: தையல்கடையில் கேட்டு வாங்கிய வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, நடுவில் என் ஸ்கெட்ச்புக்கில் இருந்த வாழைமரத்தை அக்ரிலிக்கில் வரைந்தேன். காய்ந்ததும் அப்பளம் மாதிரி ஆகிவிட்டது, ஊசியே இறங்கவில்லை. என்ன செய்வது?

ஊசிநூல்: கெட்டியாகப் பூசியிருப்பீர்கள். ஃபேப்ரிக் மீடியம் (பெயிண்ட் துணியில் விறைக்காமல் இருக்கச் சேர்க்கும் திரவம்) கலந்து மெல்லிசாகப் பூசி, ஒரு நாள் காயவிட்டு, துணியைத் திருப்பிப் போட்டு இஸ்திரி போடுங்கள், நிறம் பிடித்துக்கொள்ளும். புதுத்துணி என்றால் முதலில் அலசிக் கஞ்சியை எடுத்துவிடுங்கள்.

பழையசேலை: நான் தனித்துண்டில் வரைந்து அப்புறம்தான் இணைப்பேன், கெட்டாலும் அந்த ஒரு துண்டோடு போகும். பாலியெஸ்டர் வேண்டாம், பருத்திதான்.

வாழைமரம்: சரி, அம்மாவின் பழைய சுங்குடியில் முயல்கிறேன். விறைத்ததை ஸ்கெட்ச்புக்குக்கே அட்டையாக ஒட்டிவிட்டேன், அழகாகத்தான் இருக்கிறது!