பணக்கார நாடுகளின் எஸ்.டி.ஆர் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டுமா?

கரிசல்காரன்:
2021 ஆகஸ்டில் ஐ.எம்.எஃப் (சர்வதேச நாணய நிதியம்) 650 பில்லியன் டாலர் மதிப்புக்குப் புதிய எஸ்.டி.ஆர் உருவாக்கிக் கொடுத்தது. எஸ்.டி.ஆர் என்பது உறுப்பு நாடுகள் தேவைப்படும்போது டாலர் மாதிரி நாணயமாக மாற்றிக்கொள்ளக்கூடிய கையிருப்பு. நிதியத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் உள்ள பங்குப்படி பிரித்ததால் ஆப்பிரிக்கா முழுவதற்கும் சேர்த்து சுமார் 33 பில்லியன்தான், அமெரிக்காவுக்கு மட்டும் 110 பில்லியனுக்கு மேல். தடுப்பூசி வாங்கவே திண்டாடிய நாடுகளுக்கு இவ்வளவுதானா? பணக்கார நாடுகளிடம் சும்மா கிடப்பதை ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கிக்கு மூலதனமாகக் கொடுத்தால், அதைப்போல மூன்று நான்கு மடங்கு கடன் கொடுக்க முடியும் என்று அந்த வங்கியே சொல்கிறது. மின்சாரமும் தண்ணீரும் வரட்டுமே.

வட்டிக்கணக்கு:
"சும்மா கிடப்பது" என்பதை ஏற்க மாட்டேன். கையிருப்பு அவசரத்துக்கு எடுக்க வைத்திருப்பது. அதை 20 வருட அணைக்கட்டில் போட்டுவிட்டு நாளைக்கு நெருக்கடி வந்தால் அணையை விற்றா டாலர் எடுப்பது? ஐரோப்பிய மத்திய வங்கி தடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம் இது இலவசப் பணமும் இல்லை, எஸ்.டி.ஆரைச் செலவழித்த நாடு வட்டி கட்ட வேண்டும். 2021இல் 0.05 சதவீதமாக இருந்த வட்டி 2023இல் 4 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. மலாவி மாதிரி நாடு அதை எப்படித் தாங்கும்?

கரிசல்காரன்:
வட்டி விஷயம் சரி, அது கனம்தான். ஆனால் அந்த நாடுகள் வெளிச்சந்தையில் கடன் பத்திரம் விற்றால் அதைவிட அதிகம் கட்ட வேண்டும், பல நாடுகளுக்கு அந்தக் கதவே மூடிக் கிடக்கிறது. நீங்கள் சொல்லும் அவசரத்துக்கும் வழி வைத்திருக்கிறார்கள்: கொடுத்த நாடுகளில் ஒன்றுக்கு நெருக்கடி வந்தால் மற்ற நாடுகள் அதன் பங்கை வாங்கிக்கொள்ளும். 2024 மே மாதம் ஐ.எம்.எஃப் இப்படி மூலதனமாகக் கொடுக்க 15 பில்லியன் எஸ்.டி.ஆர் வரை அனுமதித்தும்விட்டது.

யாழ்வாசி:
எங்கள் அனுபவத்தையும் கேளுங்கள். 2021இல் இலங்கைக்கும் சுமார் 780 மில்லியன் டாலர் வந்தது. 2022 ஜனவரியில் 500 மில்லியன் டாலர் பத்திரக் கடனைக் கட்டினார்கள், ஏப்ரலில் இனிக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். நாங்கள் சமையல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம், மருந்துக்கும் தட்டுப்பாடு. நேராக அரசாங்கத்தின் கைக்கு வந்தால் பத்திரம் வைத்திருப்பவனுக்குத்தான் முதலில் போகும். வளர்ச்சி வங்கி வழியாகப் போவதே மேல்.

வட்டிக்கணக்கு:
அண்ணா, அதையேதான் நானும் கேட்கிறேன். வங்கி வழியாகப் போனாலும் அது கடன்தானே? பழைய கடனைக் குறைக்காமல் புதிய கடனை ஏற்றினால், அணை வருமானம் கொடுக்கும் முன்னரே தவணை வந்து நிற்கும். முதலில் கடன் குறைப்பு, அதற்கு அப்புறம் எஸ்.டி.ஆர்.

யாழ்வாசி:
எங்கள் கடன் பேச்சு முடியவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது, தம்பி. அதுவரை ஆஸ்பத்திரி காத்திருக்குமா?