தீவனத்தில் குதிரை மசால் (லூசர்ன்) கலந்ததிலிருந்து குதிரையின் சிறுநீர் பால்போல் வருகிறது, நிறுத்திவிடலாமா?

தாராபுரம் லாயம்:
ஆறு வயதுக் காத்தியவாரி இனப் பெண் குதிரை, எடை ஏறக்குறைய 350 கிலோ. மாலையில் நடையும் லேசான ஓட்டமும்தான் வேலை. இதுவரை கொரங்காட்டில் (வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலத்தில்) அறுத்துக் காயவைத்த கொழுக்கட்டைப் புல் போட்டோம். இப்போது பாதிக்குப் பாதி உலர்ந்த குதிரை மசால் கலக்கிறோம். சிறுநீர் கலங்கி, காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் படிகிறது. காலையில் லாயத்தைத் திறந்தால் நெடியில் கண் எரிகிறது. மசால் இலையைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் புல்லை மிதித்துப் பாழாக்குகிறது. சிறுநீரகம் கெட்டுவிடும், மசாலை நிறுத்துங்கள் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். என்ன செய்வது?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
தம்பி, உடனே நிறுத்திவிடாதீர்கள். மசாலில் கால்சியமும் புரதமும் அதிகம். குதிரை தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தைச் சிறுநீரில்தான் வெளியேற்றும். அந்த வெள்ளைப் படிவு கால்சியம் கார்பனேட். நெடி, மிஞ்சிய புரதத்தால் வருவது. முக்கி முக்கிச் சிறுநீர் கழித்தாலோ, இரத்தம் கலந்தாலோ, காபி நிறத்தில் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி ஏதும் இல்லையென்றால் அளவைக் குறைத்தால் போதும். தானியத் தீவனம் என்ன தருகிறீர்கள்?

தாராபுரம் லாயம்:
அப்படி எதுவும் இல்லை ஐயா. வேகவைத்த கொள்ளு கொஞ்சம், கோதுமைத் தவிடு இரண்டு கிலோ.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
எனக்குக் கவலை தருவது அந்தத் தவிடுதான். அதில் கால்சியத்தைப்போல் ஒன்பது மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது; பாஸ்பரஸ் மிஞ்சினால் கால்சியம் உடம்பில் சரியாகச் சேராது. கொழுக்கட்டைப் புல்லில் ஆக்சலேட் என்ற உப்பு உண்டு; அது புல்லிலுள்ள கால்சியத்தைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். மாட்டின் இரைப்பையில் ஆக்சலேட்டைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் இருப்பதால் அதே புல் மாட்டை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. குதிரைக்கு அந்த வசதி இல்லை. புல்லும் தவிடும் மட்டுமே பல மாதம் தின்றால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். முகத்தின் இருபுறமும் எலும்பு வீங்கும், இன்று ஒரு கால் நாளை ஒரு கால் என நொண்டும். இதைத் தடுத்து நிற்பது மசால்தான். அதை நிறுத்திவிட்டுத் தவிட்டைத் தொடர்ந்தால் நிலைமை தலைகீழாகிவிடும்.

உடல் எடையில் இரண்டு சதவீதம், அதாவது ஏழு கிலோ உலர்தீவனம் கொடுங்கள். அதில் இரண்டு கிலோ மசால், மீதி புல். தவிட்டைப் படிப்படியாக அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். எந்த மாற்றத்தையும் பத்து நாளில் பரப்பிச் செய்யுங்கள். திடீரென மாற்றினால் வயிற்றுவலி வரும்.

உடுமலை விவசாயி:
பொறுக்கித் தின்பதற்கு ஒரு வழி: இரண்டையும் சேர்த்து நறுக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறுங்கள். உதிர்ந்த மசால் இலை புல்லில் ஒட்டிக்கொள்ளும். ஈரமாக்கியதை அந்த வேளைக்குள் தீர்த்துவிட வேண்டும். பூஞ்சை வாடை அடிக்கும் தீவனக் கட்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். மசாலுக்குப் பதில் சவுண்டல் (சூபாபுல்) மரத்து இலை போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதிலுள்ள மைமோசின் என்ற நச்சுப்பொருள் பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிர்த்துவிடும்.

தாராபுரம் லாயம்:
மிக்க நன்றி. அடுத்த ஆண்டு சினைக்கு விட எண்ணம். அப்போதும் இதே அளவுதானா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
முதல் ஏழெட்டு மாதம் இதே அளவு போதும். கடைசி மூன்று மாதம் குட்டியின் எலும்பு வேகமாக வளரும், பிறகு பால் கொடுக்க வேண்டும். அப்போது மசாலை மூன்று, மூன்றரைக் கிலோவாக உயர்த்துங்கள். தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருக்கட்டும். மசால் கூடினால் தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கும்.