கூரைச் சோலாரை நிறுத்தச் சொன்னது ஏன்? இலங்கையின் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் பற்றி ஒரு கேள்வி

உயர்தர மாணவி:
2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைகளில் சோலார் பொருத்தியிருப்போர் பகல்வேளையில் அதை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. நிலக்கரியையும் எண்ணெயையும் இறக்குமதி செய்யும் நாடு, வெயிலிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தை ஏன் மறுக்க வேண்டும்? நீர், காற்று, சூரியன் ஆகியவை இங்கே எவ்வாறு பயன்படுகின்றன என்பதையும் விளக்கினால் என் செயற்றிட்டத்துக்கு உதவியாக இருக்கும்.

மின்கட்டமைப்பு:
தங்கையே, மின்கட்டமைப்பில் உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு கணமும் சமமாக இருந்தால்தான் அதன் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸில் நிற்கும். தொழிற்சாலைகள் மூடிக் கிடக்கும் விடுமுறை நாளில் பாவனை குறைகிறது. அதே நண்பகலில் சோலார் உச்சத்தில் இருக்கிறது. அந்நேரம் நீர், அனல் நிலையங்களைக் குறைத்துவிட்டால், திடீர் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும், அந்நிலையங்களின் கனத்த சுழலிகள் போதாமற் போகின்றன. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடு முழுவதும் இருண்டபோது பலரும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட குரங்கைப் பற்றியே பேசினார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அதாவது பாவனை குறைந்து சோலார் கூடியிருக்கும் நேரம் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மலைநாட்டான்:
நீர்தான் இங்கே மூத்தது. பொறியியலாளர் விமலசுரேந்திர 1918 இலேயே முன்மொழிந்த நீர்மின் திட்டம், 1950 இல் இலக்ஸபானவில் நிறைவேறியது. பின்னர் வந்த மகாவலித் திட்டத்தில் விக்டோரியா நீர்மின் நிலையம் 210 மெகாவாட் திறன் கொண்டது. ஆனால் மகாவலி நீர் வயல்களுக்கும் உரியதாகையால், மின்சாரத் தேவையை மட்டும் பார்த்து அதைத் திறந்துவிட முடியாது.

மன்னார்க் கரை:
எங்கள் மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் தம்பபவனி காற்றாலைகள் 103.5 மெகாவாட் திறன் கொண்டவை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை இரவிலும் சுழலும் என்பது அவற்றின் பெரிய அனுகூலம். சிக்கல் என்னவென்றால், மேற்கு மலைச்சரிவில் மழை பெய்து காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் நிறைவதும் அதே பருவத்தில்தான்; ஆகவே வருடத் தொடக்கத்து வறட்சியில் நீர் குறையும்போது காற்றும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. இதற்கு மேல் புதிய காற்றாலைகளை அமைப்பதென்றால், மன்னார் வலசைப் பறவைகளின் தங்குமிடம் என்பதையும், மழைநீர் வடிந்தோடும் வழிகள் அடைபடும் என்ற ஊரவரின் அச்சத்தையும் ஒதுக்கிவிட இயலாது.

உயர்தர மாணவி:
அப்படியென்றால், பகலில் மிஞ்சுவதை மாலை உச்ச நேரத்துக்குச் சேமிக்க வழி இல்லையா?

மின்கட்டமைப்பு:
இருக்கிறது. வீடுகளில் மின்கலங்களை இணைப்பது ஒன்று. மற்றது, திட்டமிடப்பட்டுள்ள மஹா ஓயா நீரேற்று நிலையம்: பகல் மின்சாரத்தால் கீழ்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றி, மாலையில் அதையே இறக்கி 600 மெகாவாட் வரை உற்பத்தி செய்வது அதன் நோக்கம். 2030 இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்ற இலக்கைப் பேசுவோர், புதிய சோலார் தகடுகளுக்கு முன்பாக இந்தச் சேமிப்புக்கே பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.