‘டென்டடிவ்லி’க்குத் தமிழில் என்ன போடலாம்?

வணக்கம் நண்பர்களே. ஒரு சிறுகதையை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். இரண்டு நாளாக ‘டென்டடிவ்லி’ என்ற ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஆபீஸ் மெயிலில் இது தினமும் வரும். ‘கூட்டம் டென்டடிவ்லி வெள்ளிக்கிழமை’ என்றால் உத்தேசமாக வெள்ளி, மாறலாம். அதில் குழப்பமில்லை. ஆனால் கதையில், கோபித்துக்கொண்டு போன மகள் பல வருடம் கழித்து வந்து அம்மா வீட்டுக் கதவை டென்டடிவ்லி தட்டுகிறாள். ‘உத்தேசமாகத் தட்டினாள்’ என்று எழுதினால் சிரிப்பார்கள்!

‘தயக்கத்துடன்’ என்று போட்டேன். தப்பில்லை, ஆனால் அது ஹெஸிடன்ட்லிக்கும் பொருந்துகிறதே. ‘மனமில்லாமல்’ என்றால் அது ரிலக்டன்ட்லி. இவளுக்கோ உள்ளே போக ஆசைதான். டென்டடிவ்லியின் லத்தீன் வேருக்குத் தொட்டுப் பார்த்தல், முயன்று பார்த்தல் என்று பொருள். ஆக, தயக்கத்தோடு ‘தட்டித்தான் பார்ப்போமே’ என்ற எண்ணமும் அதில் இருக்கிறது.

முதலில் ‘தட்டியும் தட்டாமலும் நின்றாள்’ என்று எழுதினேன். ‘அப்போ தட்டினாளா, இல்லையா?’ என்று தங்கை கேட்டுவிட்டாள். அப்புறம் ‘ஒரு விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தாள்’ என்று மாற்றினேன். அந்தப் ‘பார்த்தாள்’ ஒன்றே டென்டடிவ்லியின் வேலையைச் செய்துவிடுகிறதா, இல்லை ‘தயங்கி’ என்றும் சேர்க்க வேண்டுமா? மொழிபெயர்ப்பில் பழக்கமுள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.