11 வயதுப் பெண்ணுக்கு விருது வாங்கிய சரித்திர நாவல்: எதைக் கொடுக்கலாம்?

செம்பூர் அம்மா:
மகள் ஆறாம் வகுப்பு. ஆங்கிலம் மளமளவென்று படிப்பாள். தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். வரலாறு என்றாலே முகத்தைச் சுளிக்கிறாள். "எல்லாம் ராஜா, சண்டை, வருஷம்" என்கிறாள். பாடப்புத்தகத்தைப் பார்த்தால் அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை. தீபாவளி லீவில் மும்பையிலிருந்து மதுரைக்கு ரயிலில் போகும்போது படிக்க ஒரு நல்ல நாவல் சொல்லுங்கள். சோழர் கதை வேண்டாம், தாத்தா ஃபோனிலேயே சொல்லி முடித்துவிட்டார். ஒரேயடியாக அழுகாச்சியாகவும் இருக்கக் கூடாது.

மாடுங்கா பாட்டி:
செம்பூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா! கண்ணை மூடிக்கொண்டு 'தி நைட் டைரி' வாங்குங்கள். வீரா ஹிரானந்தனி எழுதியது, 2018ல் வந்தது. 2019ல் சிறுவர் புத்தகங்களுக்கான அமெரிக்க விருது, நியூபெரி ஹானர் கிடைத்தது. (நியூபெரி பதக்கம் வருஷத்துக்கு ஒரே புத்தகத்துக்குத்தான், அதற்கு அடுத்த படி ஹானர்.)

கதை 1947 ஜூலையில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் சிந்து மாகாணத்தில், மீர்பூர் காஸ் என்ற ஊரில் தொடங்குகிறது. நிஷாவுக்கு அன்று 12 வயது முடிகிறது. அப்பா இந்து, டாக்டர். அம்மா முஸ்லிம், பிரசவத்திலேயே போய்விட்டாள். வீட்டுச் சமையல்காரர் காஸி பிறந்தநாளுக்கு ஒரு டைரி கொடுக்க, அதில் நிஷா ராத்திரி உட்கார்ந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். மொத்த நாவலும் அந்தக் கடிதங்கள்தான். ஆகஸ்டில் நாடு இரண்டானதும் குடும்பம் ஜோத்பூருக்குக் கிளம்புகிறது. காஸி முஸ்லிம், அவர் அங்கேயே நின்றுவிடுகிறார்.

நிஷா வெளியாட்களிடம் வாயே திறக்க மாட்டாள், அடுப்படியில் காஸியோடு இருந்தால்தான் அவளுக்கு நிம்மதி. கூடப் பிறந்த இரட்டை அமில் நன்றாகப் படம் வரைவான், ஆனால் எழுத்து அவன் கண்ணுக்குக் குழம்பும். அப்பாவுக்கு அவனைக் கண்டாலே எரிச்சல். என் பேரன் முதலில் பிடித்துக்கொண்டது இதைத்தான். நேரு, ஜின்னா எல்லாம் அப்புறம். "இந்த அப்பா ஏன் இவனையே திட்டறார்?" என்று ஆரம்பித்தவன், பாதிப் புத்தகத்தில் "அம்மா முஸ்லிம்னா நிஷா எந்தப் பக்கம் போகணும்?" என்றான். நான் குக்கரை இறக்குகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

ஆட்டோக்காரரிடம் 'செம்பூர் கேம்ப்' என்று சொல்லி ஏறுகிறோமே, அது பிரிவினையில் வந்த சிந்திக்காரர்களுக்குப் போட்ட முகாம். உல்லாஸ்நகரும் அப்படி வந்த ஊர்தான். கல்யாண் பக்கத்து ராணுவ முகாமில் அவர்களைக் குடிவைத்தார்கள். உங்கள் பெண்ணின் வகுப்பில் சிந்திப் பிள்ளைகள் இல்லாமல் இருக்காது. அவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்கச் சொல்லுங்கள், பாடப்புத்தகத்தில் இல்லாதது வரும். ஆசிரியரின் அப்பாவும் சின்ன வயதில் மீர்பூர் காஸிலிருந்து ஜோத்பூருக்கு வந்தவர். புத்தகத்தின் கடைசியில் ஆசிரியர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார், அந்தப் பக்கங்களை விட்டுவிட வேண்டாம்.

கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளில் முதலில் தேடிப் பாருங்கள். புதுசு வாங்கிக் கட்டுப்படியாகாது.

டோம்பிவிலி அப்பா:
நல்ல புத்தகம்தான், ஆனால் பிரிவினை 11 வயதுக்குக் கொஞ்சம் சீக்கிரம் என்பேன். மதுரைக்குத்தானே போகிறீர்கள்? உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' எடுத்துப் போங்கள். 2023ல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் (சிறுவர் இலக்கிய விருது) வாங்கிய நாவல், கீழடியை வைத்து எழுதியது. ஆதன் என்ற பெயரே அங்கே தோண்டியெடுத்த பானை ஓட்டில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் கீறியிருப்பது. ராஜாவும் சண்டையும் வேண்டாம் என்கிற பெண்ணுக்கு, 2,600 வருஷத்துக்கு முந்தைய தாயக்கட்டையும் உறைகிணறும் பிடிக்கலாம். கீழடி அருங்காட்சியகமும் 2023லிருந்து திறந்திருக்கிறது. மதுரையிலிருந்து கொஞ்ச தூரம்தான், பஸ்ஸிலேயே போய்விடலாம்.

மாடுங்கா பாட்டி:
எழுத்துக்கூட்டுகிற பிள்ளையிடம் தமிழ் நாவலைத் தனியாகக் கொடுத்தால் மூன்றாம் பக்கத்தில் மூடிவிடுவாள். அம்மா வாசித்துக் காட்டுவதாக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. சீக்கிரம் என்கிற பேச்சைத்தான் நான் ஏற்க மாட்டேன். அந்த வயதுப் பிள்ளைகள்தானே அன்று மூட்டையோடு நடந்தார்கள்?

வாஷி வாசகி:
இடையில் ஒரு பரிந்துரை. லோயிஸ் லௌரியின் 'நம்பர் த ஸ்டார்ஸ்', 1990 நியூபெரி பதக்கம். 1943ல் டென்மார்க்கில் யூதத் தோழியை நாஜிகளிடமிருந்து ஒரு பத்து வயதுப் பெண்ணும் அவள் குடும்பமும் காப்பாற்றும் கதை. மெல்லிய புத்தகம், மதுரை வருவதற்குள் முடிந்துவிடும்.

செம்பூர் அம்மா:
நன்றி. நைட் டைரியை அவளிடம் கொடுத்துவிடுகிறேன், ஆதனை நான் வாசித்துக் காட்டுகிறேன். பாட்டி, ஒன்று கேட்கணும். அழுகாச்சி எவ்வளவு?

மாடுங்கா பாட்டி:
இருக்கிறது. வழியில் தண்ணீர் தீர்ந்து அமில் துவண்டு போகும் இடமும், அப்புறம் வரும் ரயில் கட்டமும்தான் கஷ்டம். ரயிலில் வெட்டுக்குத்து வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதை ராத்திரி பெர்த்தில் படுத்துக்கொண்டு படிக்க விடாதீர்கள். விடிந்த பிறகு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது படிக்கட்டும். முடிவை நான் சொல்ல மாட்டேன், ஆனால் பிள்ளையை அழவிட்டே அனுப்புகிற புத்தகம் இல்லை.