டம்மி டக் (தொங்குற வயித்துத் தோலை வெட்டி எடுத்து, பிரிஞ்ச தசையைச் சேர்த்துத் தைக்கிற ஆபரேஷன்) பண்ணிக்கிட்டவங்க இருந்தா கொஞ்சம் சொல்லுங்க

அக்கா, தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். நான் தண்டையார்பேட்டை. ரெண்டு பிள்ளையும் சிசேரியன். சின்னவன் ஸ்கூலுக்கே போயிட்டான், வயிறு மட்டும் உள்ளே போகல. மல்லாந்து படுத்து தலையைத் தூக்கினா நடுவயிறு மேடு தட்டி நிக்குது, அமுக்கினா விரல் உள்ளே இறங்குது. தசை பிரிஞ்சிருக்கு, தொப்புள்ல சின்னதா ஹெர்னியாவும் (குடலிறக்கம்) இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நடந்தா குறையும்னு தயவுசெஞ்சு யாரும் எழுதாதீங்க, நடந்து பார்த்தாச்சு.

லைப்போசக்‌ஷன் கொழுப்பை மட்டும்தான் எடுக்கும், தொங்குற தோலையும் பிரிஞ்ச தசையையும் சரிபண்ணாது. மினி டம்மி டக்குன்னா பெரும்பாலும் தொப்புளுக்குக் கீழே மட்டும். அதனால எனக்கு முழுசாத்தான் செய்யணுமாம்.

என் பயமெல்லாம் ஆபரேஷனுக்கு அப்புறம் என்ன பண்றதுன்னுதான். ஆறு வாரம் வரைக்கும் வெயிட் தூக்கக் கூடாதுங்கறாங்க. எங்க வீடு மூணாவது மாடி, தண்ணி லாரி வந்தா குடத்தை நான்தான் ஏத்தணும். சின்னவன் வேற இன்னும் இடுப்புல ஏறிப்பான். நீங்க எப்படிச் சமாளிச்சீங்க? உள்ளே தேங்குற நீரை வெளியேத்த வைக்கிற டிரெயின் குழாயை எப்போ எடுத்தாங்க? கூன் போடாம நிமிர்ந்து நடக்க எவ்வளவு நாளாச்சு? நம்ம ஊர் வெக்கையில ஆபரேஷனுக்கு அப்புறம் வயித்துல கட்டச் சொல்ற அந்த இறுக்கமான பெல்ட்டை நாள் முழுக்கப் போட முடியுதா?

சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கே, ஹெர்னியாவோட சேர்த்து இதையும் அங்க பண்ணிக்கிட்டவங்க இருக்கீங்களா? இன்சூரன்ஸ்ல ஹெர்னியா பங்காவது கிடைச்சுதா? மறுபடி கர்ப்பமானா தச்ச வயிறு திரும்பத் தளர்ந்துடலாம்கறாங்க; மூணாவது குழந்தை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம், அதனால அந்தத் தடை இல்லை. இன்பாக்ஸ்ல சொன்னாலும் போதும்.