‘டூ யூ மைண்ட்?’னு கேட்டா உடனே ‘யெஸ்’ சொல்லிடாதீங்க

பிரிட்டனுக்குப் புதுசா வந்திருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு. வீடு, பேங்க் அக்கவுண்ட் பத்தி மத்தவங்க சொல்லுவாங்க. நான் ஒரே ஒரு வினைச்சொல்லைப் பத்திச் சொல்றேன்: மைண்ட்.

நான் வந்த முதல் வாரம். ரயில்ல என் பக்கத்து சீட் காலி. கைத்தடியோட ஒரு அம்மா வந்து, “டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?”னு கேட்டாங்க. “யெஸ், யெஸ்”னு தலையாட்டினேன். “சாரி”னு சொல்லிட்டு நகர்ந்து போய் நின்னுக்கிட்டாங்க. ஏன்னு ராத்திரி ரூம்மேட் சொன்ன பிறகுதான் புரிஞ்சுது. இன்னைக்கும் உறுத்துது.

போன மாசம் லீவுல சேலம் போயிருந்தேன். அக்கா பொண்ணு செப்டம்பர்ல இங்க படிக்க வர்றா. ரெண்டு பேரும் ஏற்காடு பஸ்ல போனோம். அடிவாரம் தாண்டினதும் ஒரு பாட்டி, “கண்ணு, தலை சுத்துது, ஜன்னலோரம் நான் உக்காந்துக்கட்டுமா?”ன்னாங்க. “உக்காருங்க பாட்டி”ன்னு அவ எந்திரிச்சா. அப்பத்தான் சொன்னேன்: பாட்டி அனுமதி கேக்கறாங்க, அதனால ‘சரி’ங்கறோம். பிரிட்டன்ல இருக்கறவங்க அதையே ‘உங்களுக்கு இடைஞ்சலா இருக்குமா?’ன்னு கேக்கறாங்க. மனசுக்குள்ள அப்படித் தமிழ்ல மாத்திப் பாருங்க, ‘இல்லைங்க’ன்னு பதில் தானா வரும். “நோ, நாட் அட் ஆல்.” மேல போற வரைக்கும், 20 கொண்டை ஊசி வளைவுலயும், வளைவுக்கு ஒண்ணுன்னு கேட்டுப் பழக்கினேன். ‘வுட் யூ மைண்ட்’டுக்கு அப்புறம் ‘ஓப்பனிங் தி விண்டோ’தான், ‘டு ஓப்பன்’ வராது.

இன்னொரு சிக்கல். நம்மூர்ல ‘என்னை மைண்டே பண்ணல’ன்னா கண்டுக்கலைன்னு அர்த்தம். இங்க டீயா காபியான்னு கேட்டா “ஐ டோன்ட் மைண்ட்”ம்பாங்க. அலட்சியம் இல்லை, எதுவானாலும் சரின்னுதான். அதே இடத்துல “ஐ டோன்ட் கேர்”னு மட்டும் சொல்லிடாதீங்க, சுருக்குனு தைக்கும்.

மத்ததுக்கெல்லாம் நம்ம ‘பாத்து’ போதும். லண்டன் மெட்ரோவுல “மைண்ட் தி கேப்”னா இடைவெளி இருக்கு, பாத்து. “மைண்ட் யுவர் ஹெட்”னா தலை இடிக்கும், பாத்து. குழந்தையைப் பாத்துக்கறவங்க சைல்ட்மைண்டர்.

ஸ்காட்லாந்துல வேலை கிடைச்சவங்களுக்கு மட்டும் ஒண்ணு: அங்க பேச்சுவழக்குல மைண்ட்னா ஞாபகம் வெச்சிருக்கறதுன்னும் அர்த்தம் உண்டு. பழைய விஷயம் எதையாவது சொல்லி “டூ யூ மைண்ட்?”னு கேட்டா, ஞாபகம் இருந்தா தாராளமா யெஸ் சொல்லுங்க.